பழைய டீசல் பிக்கப்: காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, மேட்டில் இழுவை இல்லை. பம்ப் போய்விட்டதா?

கேள்வி

பழைய பிக்கப் ஒன்று வாங்கி ஓட்டுகிறேன். காமன் ரெயில் டீசல் இன்ஜின் (ஹை பிரஷர் டீசலை ‘ரெயில்’ என்ற பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் தருவது), டேங்குக்குள் மோட்டார் பம்ப் கிடையாது. இரவு முழுக்க நின்றால் காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது. ஃபில்டர் மேலுள்ள கை பம்பை அது கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பகலில் ஸ்டார்ட்டிங் தொல்லை இல்லை. ஆனால் லோடோடு மேடு ஏறினால் இழுவை செத்துப்போய் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0087, அதாவது ரெயில் பிரஷர் குறைவு. ஃபில்டர் புதிது. ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்?

பதில்

பம்பை இப்போதைக்குக் கழற்றாதீர்கள். கை பம்பை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ரெயிலில் ஏறத்தாழ 200 பார் பிரஷர் ஏறினால்தான் பொதுவாக இன்ஜெக்டர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை, டீசல் அடிக்கும். டீசல் கிடைத்தால் உங்கள் பம்ப் அந்தப் பிரஷரை ஏற்றிவிடுகிறது. இரவில் லைனில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த மாதிரி வண்டிகளில் பம்ப் தானே டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும். அதனால் வண்டிக்கு அடியில் எல்லாம் காய்ந்தே இருக்கும், பழி பம்ப் மேல் விழும்.

ஒரு இரவு வண்டியின் முன்பக்கம் தாழ்வாக இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள், அப்போது டீசல் டேங்குக்குத் திரும்ப இறங்காது. காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கும். அடுத்து ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், கண்ணாடி போல உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டு போடுங்கள். ஓடும்போது தொடர்ந்து குமிழி வந்தால் காற்று எடுக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் கவனம்: இன்ஜின் ஓடும்போது ரெயில் பக்கக் குழாய்களின் நட்டைத் தளர்த்தவே கூடாது. அந்தப் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொரு பதில்

லைனில் ஒரு எலக்ட்ரிக் பம்ப் வைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

பதில்

சோதனைக்கு வைக்கலாம், உள்ளிருந்து தள்ளும்போது ஓட்டை உள்ள இடம் ஈரமாகிக் காட்டிக்கொடுக்கும். நிரந்தரமாக வைத்தால் ஓட்டையை மறைத்ததாகத்தான் ஆகும். பழைய ஃபில்டர் இருந்தால் அறுத்து, மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் கதையே வேறு: பம்ப் உள்ளே அரைபடுகிறது, அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போயிருக்கும். மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் எந்த இன்ஜெக்டர் அதிகமாக டீசல் விடுகிறது என்றும் அளக்கச் சொல்லுங்கள். அதுவும் ரெயில் பிரஷரைக் குறைக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. பழைய ஃபில்டரில் உலோகத் தூள் இல்லை, கறுப்பு வழுவழுப்புதான். இன்ஜெக்டர் ரிட்டர்ன் நான்கிலும் சமம். கண்ணாடி ஹோஸில் குமிழி வரிசையாக வந்தது. டேங்க் லைனைக் கழற்றி, சுத்தமான கேனிலிருந்து ஃபில்டருக்கு நேராக டீசல் கொடுத்ததும் குமிழி நின்றுவிட்டது. டேங்கை இறக்கினோம். இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில், கிளாம்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருந்தது. டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் வலையிலும் அதே கறுப்புச் சளி பாதி அடைத்திருந்தது. ஹோஸ் மாற்றி, வலையையும் டேங்கையும் கழுவினோம். இப்போது கை பம்ப் தொடாமலே காலையில் ஸ்டார்ட் ஆகிறது, மேட்டிலும் லோடு இழுக்கிறது.

பதில்

ரொம்ப சந்தோஷம். மேட்டில் டீசல் தேவை அதிகம், அடைத்த வலை அவ்வளவு விடவில்லை. அந்தச் சளி, டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமிகளால் வருவது. கழுவினாலும் மிச்சம் கொஞ்சம் கரைந்து வரும். அதனால் இப்போதுள்ள ஃபில்டரை வழக்கமான கெடு வரை விடாமல் சீக்கிரமே மாற்றுங்கள். அதன் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுங்கள்.