பி.என். ரோடு மெஸ்ஸும் அமெரிக்க வரியும்

குழு: எங்கள் வீட்டு ஆட்கள், திருப்பூர்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு

குமார்: எல்லோருக்கும் வணக்கம். மெஸ் விஷயமாக ஒரு யோசனை வேண்டும். பக்கத்துக் கடை காலியாகிறது. அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் ஓனர். அட்வான்ஸ் குறைத்துத் தருகிறாராம். பெரியப்பா, என்ன செய்யலாம்?

சுமதி சித்தி: அந்த செல்போன் கடையா? போன வருடம்தானே திறந்தார்கள்?

குமார்: ஆமாம் சித்தி. ஒடிசா, பீகார் பையன்களை நம்பித்தான் அந்தக் கடை ஓடியது. பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆனதும் நிறையப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பெரியப்பா: கண்ணு, உன் மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு எப்படிப் போகிறது? முதலில் அதைச் சொல்.

குமார்: குறைந்துவிட்டதுங்க. மதியம் பரவாயில்லை. ராத்திரிதான் சீக்கிரம் அடுப்பை அணைக்கிறோம்.

பெரியப்பா: அப்படியென்றால் கடை எடுக்கிற நேரம் இது இல்லை. ஒரு ஷிப்ட் பார்ப்பவர் ரூமுக்குப் போய்ச் சமைத்துக்கொள்வார். ராத்திரி எட்டரை வரை மிஷினில் உட்கார்ந்தவர்தான் மெஸ்ஸுக்கு வருவார். கம்பெனியில் ஆர்டர் குறைந்தது பேப்பரில் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

குமார்: தீபாவளி முடிந்தால் சரியாகிவிடும் என்கிறாரே தையல் காண்ட்ராக்டர்?

கவிதா: அண்ணா, எங்கள் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசிங்கில் பார்க்கிறதைச் சொல்கிறேன். காட்டன் டி-சர்ட்டுக்கு அமெரிக்காவில் முன்பே 16.5 சதவீத வரி உண்டு. அதற்கு மேல் ஆகஸ்ட் 7 முதல் 25, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. மொத்தம் 66.5 ஆகிறது. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான். அங்கே சரக்கு வாங்குகிற பையர் கேட்கிற தள்ளுபடியைக் கொடுத்தால் முதலே போய்விடும். கிறிஸ்துமஸ் சரக்கு பெரும்பாலும் கிளம்பியாயிற்று. அடுத்த கோடைக்கான ஆர்டர் இந்த மாதங்களில்தான் உறுதியாகும். சாம்பிள் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

சுமதி சித்தி: பஞ்சு இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்களே?

கவிதா: டிசம்பர் 31 வரை அந்த 11 சதவீத வரி இல்லை சித்தி. நல்லதுதான். ஆனால் அமெரிக்கா கூடுதலாகப் போட்ட 50 சதவீதத்துக்கு அது ஈடாகாது.

பெரியப்பா: 2011 ஜனவரி கடைசியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்கள். அப்போது நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். சாயக்கழிவால் நொய்யல் ஆறு அந்த அளவுக்குக் கெட்டிருந்தது, விவசாயிகள் கேட்டது நியாயம்தான். ஆனால் சாயம் போட வெளியூருக்குத் துணி போனது, இங்கே தையல் வேலை குறைந்தது. தேனி, மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு டிசி வாங்கிக்கொண்டு லைன் வீட்டைக் காலி செய்தார்கள். கடன் நோட்டில் இருந்தவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. சம்பளம் வராதவர் எதைக் கொடுப்பார்? வேலை திரும்பியதும் பலர் தேடி வந்து கொடுத்தார்கள். ஆனால் மொத்தக் கடைக்காரர் அதுவரை பொறுப்பாரா? வியாபாரம் இருந்தும் கைப்பணம் தீர்ந்துதான் எங்கள் வீதியில் கடைகள் மூடின. அதனால் சொல்கிறேன், கையில் இருப்பதை அட்வான்ஸில் போடாதே.

சுமதி சித்தி: 2022இல் நூல் விலை ஏறியபோது ஆர்டர் இருந்தது, எடுக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. மே 16, 17 இரண்டு நாள் கம்பெனிகளை அடைத்துப் போராடினார்கள். அதுவும் கடந்து போனது. மெஸ்ஸை விட்டுவிடாதே சாமி.

குமார்: விடமாட்டேன் சித்தி. நோட்டில் இருக்கிற பாக்கிதான் பயமாக இருக்கிறது.

பெரியப்பா: தினமும் வருகிறவருக்குச் சோற்றை நிறுத்தாதே. ஒரு வாரத்துக்கு மேல் கடன் ஏறவிடாதே, அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே கேட்டுவிடு. பழைய பாக்கியைப் போனஸ் போடுகிற வாரத்தில் வாங்கு. அதற்கு அடுத்த நாளே ரயில் ஏறிவிடுவார்கள். காண்ட்ராக்டருக்குப் போகிற பார்சல் பில்லும் மாதக் கணக்கு வேண்டாம்.

சுமதி சித்தி: போனஸ் வாரத்துக் கூட்டத்தைப் பார்த்து வியாபாரம் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடாதே.

கவிதா: அமெரிக்காவுக்கு மட்டும் தைக்கிற கம்பெனிகள்தான் படுத்திருக்கின்றன. ஐரோப்பாவுக்குப் போகிற இடத்தில் ஓவர்டைமே நடக்கிறது. உள்நாட்டு மொத்த வியாபாரம் நடக்கிற காதர்பேட்டைக்குத் தைக்கிறவர்களுக்கு இது தீபாவளி சீசன். உங்கள் மெஸ்ஸுக்கு ஆள் வருகிற கம்பெனிகள் யாருக்குத் தைக்கின்றன என்று தெரியுமா அண்ணா?

குமார்: அப்படி யோசித்ததே இல்லை கவிதா. சரி, பக்கத்துக் கடை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா: வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. இந்த ஆறு மாதத்துக்கு உன் வாடகையைக் குறைக்கக் கேள். ஒரு கடை காலியாகக் கிடக்கும்போது இன்னொன்றையும் காலியாக விட அவருக்கு மனம் வராது.

குமார்: நீங்களும் கூட வந்தால் நல்லதுங்க.

பெரியப்பா: புதன் ஆயுத பூஜை. வியாழன் காலை போகலாம்.

கவிதா: அண்ணா, அந்தக் கம்பெனிகள் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். எது அமெரிக்கா, எது ஐரோப்பா என்று விசாரித்துச் சொல்கிறேன். ஐரோப்பாக்காரர்களின் ராத்திரிப் பார்சலை முதலில் பிடிக்கலாம்.