வில்லுப்பாட்டை ரிங்டோனாக்க வழி சொல்லுங்களேன்

எங்கள் ஊர் கோவில் கொடைத் திருவிழாவில் மாமா வில்லடித்துப் பாடியதை தம்பி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கிறான். வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல் விழுந்ததும் வில்லின் மணிகள் மொத்தமாகக் குலுங்கி, பின்னாலேயே குடம் ‘தும்’மென்று இறங்கும் ஒரு துண்டு அதில் இருக்கிறது. அதுதான் எனக்கு ரிங்டோனாக வேண்டும்.

என்னுடையது ஆண்ட்ராய்டு. ஃபைல் ஓபஸ் வடிவத்தில் இருக்கிறது. ரிங்டோன் பட்டியலில் தலைகாட்டவே இல்லை. எம்பி3 ஆக மாற்றி ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதுமா? வெட்டவும் மாற்றவும் ஒரே ஆப் இருந்தால் சொல்லுங்கள், விளம்பரம் கொட்டாததாக.

பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல் வேறு. அதைக் குறைத்தால் குடத்தின் சத்தமும் சேர்ந்து போய்விடுமோ? ஏற்கெனவே போன் ஸ்பீக்கரில் மணிதான் எடுபடுகிறது, குடம் அமுங்கிவிடுகிறது. மார்த்தாண்டம் பஸ்சுக்குள்ளும் கேட்க வேண்டுமே!

அத்தைக்கு ஐபோன். காரேஜ்பேண்ட் என்ற ஆப்பில் 30 நொடிக்குள் வெட்டி ரிங்டோனாக ஏற்றலாமாம். செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

அப்புறம், “மொபைல் கடையில் கொடு மக்கா” என்று மட்டும் சொல்லாதீர்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த கடைகளெல்லாம் இப்போது டெம்பர் கிளாஸ்தான் ஒட்டுகின்றன.