உப்புவெளியில விலைக்கு வந்திருக்கிற ரொத்மன்ஸ் என்எஸ்ஆர்: எடுக்கலாமா, விடலாமா?

உவர்மலைப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். உப்புவெளியில ஒரு ஹொண்டா என்எஸ்ஆர் 250ஆர் எஸ்பி பைக் நிக்குது, எஸ்பி எண்டால் மக்னீசியம் சில்லு போட்ட விசேஷ மொடல். 1988 மொடல், ரொத்மன்ஸ் நிறம், 32 லட்சம் கேக்கினம். விளம்பரத்தில "ஒரே கை, மக்னீசியம் சில்லு, பதிவுப் புக் கைவசம், 98க்குப் பிறகு றோட்டில இறக்கேல்ல" எண்டு போட்டிருக்கு. நேற்றுப் போய்ப் பாத்தன். விறாந்தையில பழைய சாரத்தால மூடி விட்டிருக்கினம். சாரத்தை உயத்தினவுடனே எனக்குக் கை நடுங்கினது, பொய் சொல்லேல்ல. மீற்றரில 19 ஆயிரத்துச் சொச்சம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னன், "பற்றரி இல்லை" எண்டிட்டார். கனடா அண்ணன் பாதிக் காசு தாறன் எண்டுறார். உங்கட அபிப்பிராயம் என்ன?

ரெண்டு ஸ்ட்ரோக் ராசா:
தம்பி, இதில கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? அந்த நிறத்தின்ர கதை தெரியுமோ? 1985இல ஃபிரெடி ஸ்பென்சர் 250 சிசி, 500 சிசி ரேஸ் ரெண்டிலயும் உலகப் பட்டத்தை ஒரே வருஷத்தில அள்ளினது ரொத்மன்ஸ் ஹொண்டாவில. 1987இல வெய்ன் கார்ட்னர் 500, அன்ரன் மாங் 250, அதுவும் அதே நிறம். சிகரட் கொம்பனி நிறம்தான், ஆனா பைக்குக்கு அதைவிட வடிவான நிறம் இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் அடிக்கேல்ல. அந்த ரேஸ் பைக்கின்ர றோட்டுப் பிள்ளைதான் இது. 249 சிசி, 90 பாகை வி ட்வின், ஜப்பான்காரர் தாங்களே போட்ட எல்லைப்படி 45 குதிரைவலு. கொழும்பில ஒருக்கா ஒண்டின்ர பின் சீற்றில இருந்து போனனான். 8 ஆயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் ஓட்டினவனோட கதைக்கிறதை நிப்பாட்டிட்டு முருகனைக் கூப்பிட்டன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோட பழைய பைக்குகளின்ர விலை பவுண் விலைக்கு ஏறினது. ஓடிப்போய் எடு.

பாலையூற்று பாஸ்:
ராசா, நிறத்தைப் பாத்துக் காசு குடுக்கிறதெண்டால் பெயின்ற் கடைக்குப் போகலாம். ரொத்மன்ஸ் ஸ்டிக்கர் செற் இண்டைக்கும் விக்கினம். எம்சி18 எண்டது இந்த மொடலின்ர கொம்பனிக் குறியீடு, சாதா எம்சி18க்கு ஒரு கிழமையில "எஸ்பி" வேஷம் போடலாம். தம்பி, முதல்ல சேசிஸ் நம்பரைப் பார். "எம்சி18" எண்டு தொடங்கோணும், புக்கில உள்ளதோட ஒவ்வொரு எழுத்தாப் பொருத்து. அதுக்குப் பிறகு சில்லு. 88 எஸ்பிக்கு உண்மையான வித்தியாசம் மக்னீசியம் சில்லுதான். அது பொய்யெண்டால் 32 லட்சத்தில பெரிய பங்கு ஸ்டிக்கருக்குத்தான் போகுது.

பற்றரிக் கதையும் எனக்குப் பிடிக்கேல்ல. அது காலால உதைச்சு எடுக்கிற பைக், செல்ஃப் மோட்டரே கிடையாது. 32 லட்சம் கேக்கிற மனுசனுக்கு ஒரு பற்றரி வாங்கிப் போட வக்கில்லையோ?

சீனன்குடா ரைடர்:
மக்னீசியமோ இல்லையோ எண்டு காந்தம் வச்சுப் பாக்கலாம் மச்சான்.

பாலையூற்று பாஸ்:
அலுமினியத்திலயும் காந்தம் ஒட்டாது, மக்னீசியத்திலயும் ஒட்டாது. வீட்டு ஃப்ரிட்ஜில ஒட்டும், அதில வச்சு விளையாடும்.

வினாகிரி கொண்டு போங்கோ. சில்லின்ர உள்பக்கம், கண்ணில படாத இடத்தில ஊசி முனையளவு பெயின்ரைச் சுரண்டி ஒரு சொட்டு. மக்னீசியமெண்டால் சோடா மாதிரி நுரைக்கும். அலுமினியம் சும்மா நனைஞ்சு கிடக்கும். பாத்தவுடனே தண்ணியால கழுவித் துடைச்சிட வேணும், மறக்காதே.

ரெண்டு ஸ்ட்ரோக் ராசா:
பொம்பிளை பாக்கப் போன இடத்தில பல்லை எண்ணச் சொல்லுறார் பாஸ். அந்த ஐயா கேற்றைச் சாத்துவார், பாருங்கோ.

உவர்மலைப் பெடியன்:
போனன். ஐயா முதல்ல நல்லா ஏசினார், "பைக்குக்குச் சம்பல் போடப் போறியோ" எண்டும் கேட்டார். பிறகு அவரே குனிஞ்சு நிண்டு பாத்தார். நம்பர் எல்லாம் சரி.

முன் சில்லு: சொட்டு விழ முந்தியே நுரை மாதிரி இருந்தது, அப்பிடிப் பொங்கினது. பின் சில்லு: ஒண்டுமில்லை. ரெண்டு நிமிஷம் பாத்துக்கொண்டு நிண்டம். ஒரு குமிழியும் வரேல்ல.

ரெண்டு ஸ்ட்ரோக் ராசா:
அப்ப எஸ்பி உண்மை! வேஷம் போடுறவன் ஒற்றை மக்னீசியம் சில்லைத் தேடிப் பிடிச்சு முன்னால போடுவானோ? பின்னது எப்பவோ வெடிச்சோ நெளிஞ்சோ மாத்தியிருப்பினம். ஒண்டு தேடிப் போட்டால் முடிஞ்சுது.

பாலையூற்று பாஸ்:
"தேடிப் போட்டால்" எண்டுறீர். எங்க? சந்தையில கத்தரிக்காய்க்குப் பக்கத்திலயோ?

நான் முன் சில்லைப் பற்றியும் கேக்கோணும் தம்பி. பெயின்ற் எங்கயாவது கொப்பளிச்சிருக்கோ? கொப்பளத்தை நகத்தால தொட்டால் வெள்ளை மா மாதிரி உதிருதோ? மக்னீசியத்தின்ர பாரம் அலுமினியத்தில மூண்டில ரெண்டு பங்குதான், ரேஸுக்கு அதாலதான் போடுறது. ஆனா உப்புக் காத்து அதுக்கு எமன். இரும்பு போல்ற் தொடுற இடத்தில ஈரமும் உப்பும் சேர்ந்தால் அங்கயிருந்துதான் தின்னத் தொடங்கும். ஊரின்ர பேரிலயே உப்பு, விறாந்தையில இருந்து கடல் எவ்வளவு தூரம்?

உவர்மலைப் பெடியன்:
அலைச் சத்தம் கேக்கும். டிஸ்க் பூட்டின இடத்தைச் சுத்தி நாலஞ்சு கொப்பளம் கிடக்கு. மா மாதிரித்தான்.

கிண்ணியா நானா:
நான் இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பி, நீங்க சொல்ற அடையாளத்தில அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும், எங்க வாப்பா அங்க மேசன் வேலை செஞ்சவரு. 2004 டிசம்பர் 26இல அந்த ஒழுங்கையில யன்னல் தட்டு வரைக்கும் கடல் வந்திச்சு. 98இல இருந்து பைக் அங்கதான் நின்றதென்றா, அன்றைக்கு எங்க நின்றிச்சு என்று கேட்டீங்களா?

பாலையூற்று பாஸ்:
நானா, பெரிய கேள்வியைச் சின்னதாக் கேட்டிட்டீங்கள்.

கராஜுக்குள்ள இருக்கிறதால கொஞ்சம் விளக்கிச் சொல்லுறன். நாலு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு அடியில எண்ணெய் தேங்கி நிக்கும், கிராங்க் எண்ட சுழல் தண்டு அந்த எண்ணெயோட கிடக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்கில அப்பிடி இல்லை. பெற்றோல், காத்து, எண்ணெய் மூண்டும் கலந்து கிராங்க் கேஸுக்குள்ளாலதான் மேல போகுது, பெயரிங்குக்கு அந்தப் பனிமாதிரிக் கலவைதான் எண்ணெய். சைலன்சர் வழியாலயோ காபரேற்றர் வழியாலயோ கடல் தண்ணி புகுந்தால் அது நேர பெயரிங்கிலதான் போய் நிக்கும். அண்டைக்கே கழட்டிக் கழுவாட்டி முடிஞ்சுது. அந்தக் கிராங்க் அழுத்திப் பொருத்தினது, பிரெஸ் இல்லாமல் கழட்டேலாது, கழட்டினால் திருப்பி நேர் பிடிக்கத் தெரிஞ்ச கை வேணும். என்ர கை அது இல்லை, அதையும் சொல்லிப் போடுறன்.

ரெண்டு ஸ்ட்ரோக் ராசா:
எல்லாரும் சேர்ந்து பைக்குக்குக் காடாத்துச் செய்து முடிச்சாச்சு! சுனாமி தொட்டதெண்டு நானா கண்டவரோ? அப்பிடித் தொட்டிருந்தால்தான் என்ன? திருகோணமலையில கடல் தொடாத சாமான் எது? கோணேசர் மலையில நிக்கிற வானுக்கும் துருப்பிடிக்குது. இது முழு இலங்கையிலயும் எத்தினை இருக்கும்? ஓடாட்டியும் பரவாயில்லை, வீட்டுக்குள்ள கொண்டுபோய் வைக்கலாம்.

சீனன்குடா ரைடர்:
32 லட்சத்துக்கு ஹோலில நிப்பாட்டவோ? மனுசி என்னை வெளியில நிப்பாட்டுவா.

கிண்ணியா நானா:
நான் கண்டேன் என்று சொல்லல்ல. கேளுங்க என்றுதான் சொன்னேன்.

உவர்மலைப் பெடியன்:
கேட்டன். ஐயா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு சொன்னார், பைக் நிண்டது உண்மை, விழுந்து கிடந்ததாம், பின் சில்லுக்கு மேல மதில் சரிஞ்சதாம். ஒரு மாதம் கழிச்சுத்தான் வீட்டுப் பக்கமே வந்தவை. "அந்த நேரம் பைக்கையோ பாக்கிறது தம்பி" எண்டார். அதுக்கு மேல எனக்குக் கேக்க மனம் வரேல்ல.

ஆனா பிளக் ரெண்டையும் கழட்ட விட்டார். உதைச்சுப் பாத்தன், பெடல் அரை அங்குலம் போய் நிண்டிட்டுது. டோர்ச் அடிச்சால் உள்ளுக்குச் செம்மண் நிறம்.

பாலையூற்று பாஸ்:
முடிவு தெரிஞ்சுது. சேசிஸ், புக், முன் சில்லு, பெயரிங் இல்லாத ஒரு என்ஜின். 11 லட்சம், கூடினால் 12. அதுக்கு மேல அண்ணனின்ர காசைக் கடலில போடாதே.

ரெண்டு ஸ்ட்ரோக் ராசா:
15. புக் இருக்கு, பாஸ். நிறமும் ஸ்டிக்கர் இல்லை, கொம்பனி நிறம்.

உவர்மலைப் பெடியன்:
12 எண்டு சொன்னன். ஐயா பதில் சொல்லாமல் சாரத்தை எடுத்து மூடிட்டார். நான் வெளிக்கிட்டு வந்திட்டன்.

நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கோல். "அந்த வினாகிரிப் பெடியனோ கதைக்கிறது?" எண்டு கேட்டார்.

பாலையூற்று பாஸ்:
எவ்வளவுக்கு இறங்கினவர்?

உவர்மலைப் பெடியன்:
விலை கதைக்கேல்ல பாஸ். முன் சில்லில கொப்பளம் கூடாமல் இருக்க என்ன பூசிறதெண்டு கேட்டார்.