சிநேகிதரோடை வாக்குவாதம் வரேக்கை நிதானத்தை விடாமல் இருக்கிறது எப்பிடி?

கொக்குவில்வாசி:
நெருங்கின சிநேகிதரோடை ஒரு விஷயத்திலை ஒத்துவராட்டி, அது சீட்டுக்காசா இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவிலை வந்த அரசியலா இருக்கட்டும், ரெண்டு நிமிஷத்திலை நெஞ்சு படபடத்துக் குரல் உயர்ந்திடுது. பிறகு விடியவிடிய ‘ஏன் அப்பிடிச் சொன்னன்’ எண்டு என்னையே பேசிக்கொண்டு கிடக்கிறன். ‘அமைதியா இருங்கோ’ எண்டு எல்லாரும் சொல்லினம். அந்த நேரத்திலை என்ன செய்யிறது எண்டுதான் ஒருத்தரும் சொல்லேல்லை.

வேப்பமரத்தடி:
குரலுக்கு முதல் உடம்புதான் சண்டைக்கு எழும்புது. அதாலை உடம்பிலையிருந்து தொடங்குங்கோ. மணிக்கட்டிலை, பெருவிரல் பக்கமா ரெண்டு விரலை வைச்சு 15 செக்கன் நாடியை எண்ணுங்கோ. பெருவிரலாலை பிடிக்காதேங்கோ, அதுக்கும் சொந்தமா ஒரு துடிப்பிருக்கு. 25க்கு மேலை வந்தால் நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டீட்டுது. தம்பதிகளின்ரை வாக்குவாதங்களை வருஷக்கணக்கா ஆராய்ஞ்ச உளவியலாளர் ஜோன் கொட்மன் இந்த அளவைத்தான் எல்லையாச் சொல்லுறார். அதுக்கு மேலை மற்றவர் சொல்லுறது காதிலை விழும், மனசிலை ஏறாது. ஆறுறதுக்குக் குறைஞ்சது 20 நிமிஷம் வேணும். சிநேகிதரோடை எண்டாலும் உடம்பு அதே உடம்புதான்.

எழும்பிப் போகேக்கை திரும்பி வாற நேரத்தைச் சொல்லீட்டுப் போங்கோ: “எனக்குச் சூடேறீட்டுது. அரை மணித்தியாலத்திலை வாறன், விட்ட இடத்திலை தொடங்குவம்.” நேரம் சொல்லாமல் போனால் முகத்தை முறிச்சுக்கொண்டு போனதாத்தான் படும்.

அந்த 20 நிமிஷத்தைக் கனபேர் வீணாக்கீடுகினம். ‘போனவுடனை இதைச் சொல்லுவன், அதைச் சொல்லுவன்’ எண்டு மனசுக்குள்ளை வழக்காடிக்கொண்டிருந்தால் உடம்புக்கு அதுவும் சண்டைதான், நாடி இறங்காது. முத்தத்தைக் கூட்டுங்கோ, பூக்கண்டுக்குத் தண்ணி விடுங்கோ. செக்கனுக்கு ஒண்டா 4 எண்ணி மூக்காலை மூச்செடுத்து, 6 எண்ணி விடுங்கோ. நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும், 3 நிமிஷம் காணும். வெளிமூச்சு நீளேக்கைதான் இதயம் மெதுவாகும். பெரிசு பெரிசாக் கெதியா இழுத்தால் ரத்தத்திலை காபனீரொட்சைட்டு குறைஞ்சு தலை சுத்தும்.

பனங்கூடல்:
விடியவிடியத் தன்னைப் பேசுறது எண்டு எழுதியிருக்கிறியள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது. தன்னிரக்கம் எண்டு சொன்னால் எங்கடை ஆக்களுக்கு ‘ஐயோ நான் பாவம்’ எண்டு அழுறதுதான் ஞாபகம் வரும். அதாலை தன்பரிவு எண்டு வைச்சுக்கொள்ளுவம். கிறிஸ்டின் நெஃப் எண்ட ஆய்வாளர் இதை மூண்டாப் பிரிக்கிறா: நோகுது எண்டதை உள்ளபடி காணுறது, மனுசரா இருக்கிற எல்லாருக்கும் இது வரும் எண்டு நினைக்கிறது, தன்னோடை கனிவாக் கதைக்கிறது.

படுக்க முதல் கொப்பியிலை மூண்டுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கோ. “இப்ப எனக்கு வெக்கமும் பயமும். கிட்டின ஆளோடை முட்டுப்பட்டால் ஆருக்கும் இப்பிடித்தான் இருக்கும். களைச்சுப்போனாய், படு, நாளைக்குக் கதைக்கலாம்.” நாலாவது வரியிலை பிழையை அளந்து எழுதுங்கோ: “‘நீ எப்பவும் இப்பிடித்தான்’ எண்டது பிழை. காசுக்கணக்கைக் கேட்டது பிழையில்லை.”

அளக்காமல் விட்டால் அது ‘நானே பிழையான ஆள்’ எண்டு பெருத்துப்போகும். பிறகு ரெண்டிலை ஒண்டு நடக்கும். இரவு 11 மணிக்கு எல்லாத்துக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டு, கேக்க வேண்டிய கணக்கையும் விட்டிடுவியள். இல்லாட்டி வெக்கத்தைத் தாங்கேலாமல் அடுத்தநாள் இன்னும் உறைப்பாத் தொடங்குவியள். அளந்த பகுதிக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கோ. அதுக்குப் பின்னாலை ‘ஆனால்’ வந்தால் கேட்டதும் அழிஞ்சிடும்.

கடற்காத்து:
ஒரு சின்ன விஷயம். “உன்னோடை பேசோணும்” எண்டு தொடங்காதேங்கோ, யாழ்ப்பாணத்திலை பேசுறது எண்டால் ஏசுறது. “ஒருக்கா ஆறுதலாக் கதைப்பமோ” எண்டால் காணும்.

சிநேகிதர் ரொறன்ரோவிலை எண்டால் மணிக்கூட்டையும் பாருங்கோ. இங்கை இரவு 9 மணி எண்டால் அங்கை கோடையிலை காலமை 11.30, மாரியிலை 10.30. நீங்கள் களைச்சுப்போன நேரம், அவர் வேலையிலை நிக்கிற நேரம். அப்ப அனுப்பிற குரல்பதிவு பிழையாத்தான் விளங்கும். எழுதி வைச்சிட்டு, விடிய ஒருக்கா வாசிச்சிட்டு அனுப்புங்கோ.

கொக்குவில்வாசி:
எல்லாருக்கும் நன்றி. நான் ஆறி வந்தும் மற்றவர் கத்திக்கொண்டே இருந்தால்?

வேப்பமரத்தடி:
ஒருக்கா மட்டும், குரலைக் குறைச்சுச் சொல்லுங்கோ: “நீ கத்தேக்கை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நாளைக்குப் பின்னேரம் 5 மணிக்கு வாறன்.” சொன்ன மணிக்குப் போங்கோ. அவரை ஆறவைக்கிற பொறுப்பை உங்கடை தலையிலை போடாதேங்கோ. ஒவ்வொருமுறையும் வெருட்டுறதும் அவமானப்படுத்துறதுமா இருந்தால் தள்ளி நிக்கிறதிலை ஒரு குற்றமுமில்லை. கிழமைக்கணக்கா நித்திரை குழம்பினால் 1926க்கு எடுங்கோ. அது தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலையும் எடுக்கலாம்.