மறு: ரீமாஸ்டருக்குத் தமிழில் என்ன? ‘மெருகுப்பதிப்பு’ என்று முன்வைக்கிறேன்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

ஃபைனல் ஃபேண்டசி என்ற ஜப்பானிய வீடியோ ஆட்ட வரிசையில் முதல் ஆட்டத்தின் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்கிற புதிய வடிவத்தை ஆடி முடித்து மதிப்புரை எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியில் நின்றுபோனேன். அதனால்தான் போன வாரம் இங்கே சொல் கேட்டேன், பிறகு ‘மெருகுப்பதிப்பு’ என்று ஒரு வரியில் சொல்லியும் வைத்தேன். நின்ற வரி இது: “இது ரீரிலீஸ் இல்லை, ரீமேக்கும் இல்லை, ரீமாஸ்டர்.” அக்கா மகனுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தாம் வகுப்பு படிக்கிறான், ஆட்டங்களில் ஊறினவன். “மூணும் ஒண்ணுதானே மாமா?” என்றான். மூன்றும் ‘ரீ’யில் தொடங்குகின்றன, வேறுபாடு காதில் விழவே இல்லை. ஆட்டத்தின் பெயரில் இருக்கிற ரீமாஸ்டர் அப்படியே இருக்கட்டும், பெயரை மாற்ற நமக்கு உரிமையில்லை. ஆனால் பழைய ஆட்டத்தையே படமும் இசையும் புதிதாக்கி வெளியிடுகிற அந்த வகையைச் சுட்ட ஒரு பொதுச்சொல் இல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

வந்த பரிந்துரைகளில் ‘மறுபதிப்பு’ அச்சுத்துறைக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதோடு, மறுபதிப்பில் எதுவும் மாறாது. ரீரிலீசுக்குத்தான் அது பொருந்தும். ‘புதுப்பிப்பு’ என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் போனில் வருகிற அப்டேட்தான் நினைவுக்கு வரும். ‘மீளுருவாக்கம்’ ரீமேக்குக்குத்தான் ஆகும். கோவை நண்பர் சொன்ன ‘மூலப்படி மீட்பு’ பாட்டு நாடாவுக்கும் படச்சுருளுக்கும் நல்ல சொல். அங்கே மூல நாடா என்று ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது, அதிலிருந்து ஒலியை மீட்கிறார்கள். 1987-இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் ஆட்டக் கருவிக்கு வந்த 256 கிலோபைட் ஆட்டத்தில் மீட்பதற்கு மறைந்துகிடக்கிற எதுவும் இல்லை. பிக்சல் என்கிற அந்தச் சின்னக் கட்டங்கள்தான் முழுப் படமும்.

இனி நான் முன்வைக்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிற பட்டறைகள் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் தலையில் வைக்கிற சூரியன், சந்திரன், நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகின்றன. அக்கா சின்ன வயதில் ஆடியபோது வாங்கிய தலைசாமான் ஒன்று வீட்டில் கிடந்தது. இப்போது அவள் மகள் அரங்கேற்றத்துக்குத் தயாராகிறாள். எடுத்துப் பார்த்தால் நெற்றிச்சுட்டியில் நாலு கெம்புக்கல் இல்லை, சூரியனில் தங்கத் தகடு கறுத்துவிட்டது. நான்தான் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

ஆசாரி சூரியனைக் கையில் வாங்கி, விரல் நகத்தால் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்து வெள்ளியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “மக்கா, மெருகு மட்டும் போட்டாப் போருமா, கல்லைப் பிரிச்சுப் பதிக்கணுமா, இல்ல அழிச்சுப் பண்ணணுமா?”

கூலி எவ்வளவு என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த மூன்றும் ஒரே மூச்சில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டன.

மெருகு மட்டும் என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து அழுக்கெடுப்பது. நகை அதேதான். ஆட்டத்தில் இது ரீரிலீஸ், பழைய ஆட்டத்தைப் புதுக் கருவியில் அப்படியே ஓடவைப்பது. அழித்துப் பண்ணுவது என்றால் உருக்கிவிடுவது. பொன் பழையது, நகை புதியது. அதுதான் ரீமேக். 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி ஏழாம் ஆட்டத்தை 2020-இல் திரும்பச் செய்தார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மிட்கார் நகரப் பகுதியை மட்டும் எடுத்து ஒரு முழு ஆட்டமாக விரித்தார்கள், சண்டையையும் நிகழ்நேரத்தில் ஓடுகிற சண்டையாக மாற்றினார்கள். நாயகன் கிளவுட் அதே கிளவுட், ஆனால் ஆட்டம் வேறு. எங்கள் ஊர்ப் பேச்சில் அது அழிச்சுப் பண்ணினது. எழுத்துக்கு ‘மறுவார்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. கல்லை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார். பழைய அரக்கைச் சுரண்டுகிறார். அடியில் இருக்கிற வெள்ளியைச் சரிசெய்து, தங்கத் தகட்டைப் புதிதாக வைத்து, அதே கல்லை அதே குழியில் மறுபடி பதிக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பித்தளைக் கிண்ணத்தில் அக்காவின் கற்கள் மட்டும் தனியாகக் கிடந்தன. வெறும் கிண்ணத்தில் பார்த்தால் மங்கலான சிவப்பு மணிகள். மறுநாள் தகட்டின்மேல் ஏறினபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு எரிந்தன. கல் மாறவில்லை, அதற்கு அடியில் இருந்தது மாறியது.

பிக்சல் ரீமாஸ்டரில் நடந்திருப்பது இதுதான். கதை, ஊர்கள், நான்கு வீரர்கள், அவர்களுக்கான ஆறு தொழில்கள், ஒவ்வொரு படிநிலை மந்திரத்துக்கும் இத்தனை தடவை என்ற கணக்கு, இவை கற்கள். அடியில் ஓடுகிற நிரல் முழுக்கப் புதியது. படங்களைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், வீரர்களின் உருவத்தை மறுபடி வரைந்தவர் கசுகோ ஷிபுயா. 1987-இல் முதல்முறை வரைந்தவரும் அவரேதான். இசையைப் புதிதாகக் கோத்தபோது மேற்பார்த்தவர் நோபுவோ உவேமாட்சு, அன்றைக்கு மெட்டமைத்தவர். பதித்த கையே முப்பத்து நான்கு ஆண்டு கழித்துப் பிரித்துப் பதித்திருக்கிறது. கொர்னீலியா அரசன் கட்டிக்கொடுத்த பாலத்தை நாலு பேரும் கடக்கும்போது அந்தத் தொடக்க இசை எழும்புகிறதே, அந்த இடத்தில் நான் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை கேட்டேன்.

ஆகவே மெருகு + பதிப்பு = மெருகுப்பதிப்பு. ‘பதிப்பு’ இங்கே இரண்டு வேலை செய்கிறது. நூலுக்கு, ஆட்டத்துக்குச் சொல்கிற பதிப்பும் அதுவே, கல் பதிப்பதும் அதுவே. பட்டறையைத் தெரியாதவருக்கும் ‘மெருகேற்றிய பதிப்பு’ என்று உடனே விளங்கும், தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விளங்கும். ஒற்று மிகுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். மிளகுப்பொடி, விறகுக்கடை போல மிக வேண்டும் என்பது என் எண்ணம்.

இதற்கு வந்த மறுப்புகளில் இரண்டு கனமானவை.

முதலாவது, திருச்சி அக்கா எழுதியது: மெருகு என்பது பாராட்டுச் சொல், கெட்டுப்போன ரீமாஸ்டரை எப்படிச் சொல்வது? அக்கா, இதை நான் ஆசாரியிடமே கேட்டேன். “மெருகு கூடிப் போனா பூவேலை மழுங்கிப்போவும், கேட்டியா” என்றார். பழைய நகையைத் தேய்த்துத் தேய்த்து இதழும் நரம்பும் தெரியாமல் ஆக்குகிறவர்கள் உண்டாம். ஆக மெருகும் கெடும். மதிப்புரையில் இதற்கு இடம் இருக்கிறது. 2021-இல் கணினிக்கும் போனுக்கும் வந்தபோது ஆங்கில எழுத்துரு ஒல்லியாக, பழைய கட்டப் படத்தோடு ஒட்டாமல் இருந்தது. பலரும் குறை சொன்னார்கள். 2023-இல் ஸ்விட்ச், பிளேஸ்டேசன் ஆட்டக் கருவிகளுக்கு வந்தபோது கட்ட எழுத்துருவைத் தேர்ந்துகொள்ள வழி வைத்தார்கள், பழைய இசையையும் தேர்ந்துகொள்ளலாம். “மெருகு தவறிய இடம், பிறகு திருத்தப்பட்டது” என்று என்னால் இப்போது ஒரு வரியில் எழுத முடிகிறது. ‘மோசமான மெருகுப்பதிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், முரண்படவில்லை.

இரண்டாவது, யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டது: விதிகள் மாறினால்? கல்லையே மாற்றியிருந்தால் அது மெருகுப்பதிப்பா, மறுவார்ப்பா? இதுதான் நெஞ்சில் தைத்த கேள்வி. மாறித்தான் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் நாலு வீரர்களுக்கும் முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட வேண்டும். இரண்டு பேரை ஒரே பூதத்தின்மேல் ஏவி, முதல் ஆள் அடியிலேயே அது செத்துவிட்டால், இரண்டாமவன் வெறுங்காற்றை வெட்டுவான். அடி வீண். புதியதில் அவன் தானாக அடுத்த எதிரியிடம் திரும்பிவிடுகிறான். மூலத்தில் பூதங்கள் மூன்று, வீரர்கள் நான்கு என்று விரல்விட்டு எண்ணிக் கட்டளை கொடுத்த பதற்றம் இதனால் போய்விட்டது. எனக்கு அது இழப்புதான், மதிப்புரையில் அப்படியே எழுதப்போகிறேன்.

ஆனாலும் இது மறுவார்ப்பு ஆகாது. நெற்றிச்சுட்டியில் விழுந்துபோன நாலு கல்லுக்குப் பதில் ஆசாரி புதுக்கல் வைத்தார். அக்கா அதைத் தன் நெற்றிச்சுட்டி இல்லை என்று சொல்லவில்லை. குழிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறாதவரை அது அதே நகை. என் அளவுகோல் இதுதான்: பழைய ஆட்டத்துக்கு ஒருவர் தாளில் வரைந்து வைத்த வரைபடத்தையும் வழிக்குறிப்பையும் வைத்துப் புதியதை ஆடி முடிக்க முடிந்தால் மெருகுப்பதிப்பு. முடியாவிட்டால் மறுவார்ப்பு. 2024-இல் வந்த டிராகன் குவெஸ்ட் மூன்றாம் ஆட்டம் இந்த எல்லையில்தான் நிற்கிறது. செய்தவர்கள் ரீமேக் என்றே பெயரிட்டார்கள், ஆனால் சண்டை முறை பழையதுதான். அதை எந்தப் பக்கம் வைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள்.

வீணாகும் அடியைப் பற்றிப் பேச்சு வந்ததால், ஒருவர் மாறி ஒருவர் ஆடுகிற ‘டர்ன் பேஸ்டு’ வகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் சொற்பட்டியலில் யாரோ ‘திருப்பம் சார்ந்த’ என்று சேர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். பஸ் திரும்புகிற திருப்பம் அது. சீட்டாடும்போதும் பல்லாங்குழி ஆடும்போதும் “இப்ப உன் முறை” என்றுதானே சொல்லி வளர்ந்தோம்?

எங்கள் ஊர்ப்பக்கம் முறை என்றால் விளையாட்டுச் சொல் மட்டுமில்லை. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-இல். அங்கிருந்து கால்வாய் வழியாகக் கீழே வருகிற தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைப்பார்கள். இன்ன நாள் இந்தக் கால்வாய், இன்ன நாள் அந்தக் கால்வாய். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லை நட்டுவிட்டுக் கடைவரம்பில் காத்திருக்கிறவருக்கு முறை என்ற சொல்லின் கனம் தெரியும். அப்பா அப்படி இரவு இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருக்கிறார். ஒரு தடவை காய்ச்சலில் அவரால் போக முடியவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் மடை திறக்காமல் தண்ணீர் எங்கள் வயலைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. “முறை வீணாப் போச்சு” என்றார். செத்துப்போன பூதத்தின்மேல் வாளை வீசிவிட்டு நிற்கிற வீரனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொற்கள்தான் காதில் கேட்கின்றன.

ஆகவே ‘முறைவழி ஆட்டம்’, ‘முறைவழிச் சண்டை’. எல்லோரும் ஒருதடவை ஆடி முடிப்பது சுற்று. யாருக்குப் பிறகு யார் என்பது முறைவரிசை. வெறுமனே ‘முறை ஆட்டம்’ என்றால் முறையான ஆட்டம் என்று பொருள் திரியும், அதனால்தான் ‘வழி’ சேர்த்தேன்.

கதையில் ஒரு பாத்திரமாக இருந்து ஆடுகிற ஆர்.பி.ஜி. வகைக்கு ‘பாத்திரமேற்பு ஆட்டம்’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். எனக்கு மறுப்பில்லை.

வினைச்சொல் ஒன்றுதான் இன்னும் உட்காரவில்லை. ‘மெருகுப்பதிப்பு செய்தார்கள்’ என்பது நாக்கில் கனக்கிறது. ‘பிரித்துப் பதித்தார்கள்’ என்றே எழுதினால் என்ன என்று யோசிக்கிறேன். பட்டறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது விளங்குகிறதா என்று உங்கள் வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

நின்றுபோன வரி இப்போது இப்படி இருக்கிறது. அக்கா மகனிடம் நேற்று மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை எந்தக் கேள்வியும் கேட்காமல் “அப்ப நான் ஆடலாமா?” என்றான்:

“1987-இல் வந்த ஒரு முறைவழிப் பாத்திரமேற்பு ஆட்டத்தின் மெருகுப்பதிப்பு இது. அழித்துப் பண்ணவில்லை. கல்லைப் பிரித்து, அடித்தகட்டை மாற்றி, அதே குழியில் பதித்திருக்கிறார்கள். ஒரே ஒரு கல்லை மாற்றியது எனக்கு வருத்தம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.”

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து