காவிரி நீரில் நகரத்தின் தாகத்துக்கு முதலிடம் தருவது எந்த அளவுக்கு நியாயம்?

கேள்வி: அலசூர்க்காரர்

பெங்களூருவில் வாழும் தமிழர்களாகிய நாம் காவிரியைப் பற்றிப் பேசும்போது, எந்த மாநிலத்தின் பக்கம் நிற்பது என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். அதற்கு முந்தைய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் வகுத்தபடி தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையில் ஆண்டுதோறும் கிடைக்க வேண்டியிருந்த 192 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைக்கப்பட்ட 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கானது. குடிநீருக்கே முதலிடம் என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்த நீரை நம்பிக் குறுவையும் சம்பாவும் பயிரிட்ட டெல்டா உழவருக்கு, முந்தைய பயன்பாடு எந்த உரிமையையும் தருவதில்லையா?

பதில்: மெய்யியல் மாணவி

ஐயா, முந்தைய பயன்பாட்டுக்கு அற மதிப்பு உண்டு. முதலில் வந்தவர் என்பதற்காக அன்று, அந்த நீரை நம்பி மக்கள் ஒரு வாழ்வையே அமைத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதற்காக. பொதுவில் இருப்பதை ஒருவர் தமதாக்கிக்கொள்ளலாம், ஆனால் பிறருக்கும் போதுமான அளவில் அதே தரத்தில் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கின் நிபந்தனை. பற்றாக்குறை ஆண்டில் எந்த ஆறும் அதை நிறைவேற்றாது. ஆகவே தலைமடையில் இருப்பவரும் சரி, கடைமடையில் இருப்பவரும் சரி, காவிரியைத் தமது சொத்தென்று கூற முடியாது. ஆறு தேசியச் சொத்து என்றே 2018 தீர்ப்பும் சொன்னது.

எனவே எஞ்சுவது தேவை. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். முதலிடம் தாகத்துக்கு உரியது, நகரத்துக்கு உரியதன்று. 2024 மார்ச்சில் குடிநீரைக் கொண்டு கார் கழுவுவதற்கும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதற்கும் இங்குள்ள குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. குழாயில் வருவதெல்லாம் தாகத்துக்குப் போவதில்லை என்பதை அந்த உத்தரவே ஒப்புக்கொள்கிறது. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வேண்டிய அளவைத் தாண்டிய ஒவ்வொரு குடமும் டெல்டாவின் நெற்பயிரோடு சமநிலையில் வாதாட வேண்டும். அந்த வாதத்தில் பெரும்பாலும் பயிரே வெல்லும் என்பது என் துணிபு.

பதில்: ஓய்வுபெற்ற நீர்ப்பொறியாளர்

உங்கள் வாதத்தோடு ஓர் உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடிநீராக எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்கே செலவாகிறது, மீதி கழிவுநீராகத் திரும்பிவிடும் என்ற அடிப்படையிலேயே நடுவர் மன்றம் கணக்கிட்டது. பெங்களூரு இரு படுகைகளைப் பிரிக்கும் மேட்டின் மீது அமைந்த ஊர். மேற்கே விழும் கழிவுநீர் விருஷபாவதி ஆற்றின் வழியாகக் காவிரியின் துணையாறான அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கோரமங்களா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகளில் இறங்குவதோ தென்பெண்ணைப் படுகைக்கு உரியது. அதில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். ஆகவே, திரும்பும் என்று கருதப்பட்ட நீரில் பெரும்பகுதி காவிரிக்குத் திரும்புவதேயில்லை. எந்தக் கருதுகோளின் மேல் ஓர் உரிமை வழங்கப்பட்டதோ அது பொய்க்கும்போது, அந்த உரிமையின் அளவையும் மறுபடி ஆராய்வதே நேர்மை. கோலாரின் வறட்சியும் ஒரு தேவைதான். ஆனால் அதைத் தஞ்சை உழவரைக் கேளாமலே அவர் கணக்கில் எழுதுவது முறையன்று.

பதில்: அலசூர்க்காரர்

இருவருக்கும் நன்றி. தாகத்துக்கே முதலிடம் என்றால் அந்த அளவுகோல் நகரத்துக்குள்ளும் செல்லுபடியாக வேண்டும். 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை அங்கே பலரும் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியிருந்த காலத்தில், நகரின் நடுவே புல்வெளிகளுக்குக் காவிரி பாய்ந்தது. அவர்களுடைய தாகத்தின் பெயரால் கேட்டுப் பெற்ற நீரில் அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை வாரியம் வட்டாரவாரியாக வெளியிட வேண்டும் என்று கோருவது, இந்த ஊர்க் குடிமக்களாகிய நம் கடமை என்று கருதுகிறேன்.