13–10: கொலம்பஸில் மிச்சிகன் வென்ற ஆட்டம். நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

ஆன்ஆர்பர்வாசி:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். 2024 நவம்பர் 30, ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ். எங்கள் ஊர் அணி மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10. அந்தத் தோல்விக்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் நாலு பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்-அவுட்) ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து ஜனவரியில் தேசியப் பட்டத்தையும் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் ஒரே பேச்சு. “உங்களுக்கு அன்னிக்கு அதிர்ஷ்டம் சார், அவ்வளவுதான்.” பொங்கல் விழாப் பந்தியில்கூட இதைக் கேட்டுவிட்டேன்.

நான் அப்படி நினைக்கவில்லை. காரணத்தை எழுதுகிறேன். நீங்கள் அந்த ஆட்டத்தை எங்கே, யாரோடு பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒஹாயோ பக்கத்து நம்மவர்களும் தாராளமாக வரலாம்.

முதலில் அன்றைய நிலவரம். மிச்சிகன் 2023இல் 15 ஆட்டங்களையும் வென்ற சாம்பியன். அதோடு பயிற்சியாளர் ஜிம் ஹார்பா என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகுக்குப் போய்விட்டார், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியும் போய்விட்டார். ஷெரோன் மூர் பொறுப்பேற்ற முதல் வருஷம் தடுமாற்றம்தான். கொலம்பஸுக்குப் போகும்போது 6 வெற்றி, 5 தோல்வி. குவார்ட்டர்பேக்கை மாற்றி மாற்றிப் பார்த்தும் பாஸ் ஆட்டம் எழுந்திருக்கவே இல்லை. எதிரே இரண்டாம் தரவரிசையில் ஒஹாயோ ஸ்டேட், அதுவும் அவர்கள் மைதானத்தில். ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் அவர்கள் ஜெயிப்பார்கள் என்பது பந்தயக்காரர்களின் கணிப்பு. போதாததற்கு எதிரணியில் பாஸ் பிடிப்பவர்களைக் காவல் காக்கும் எங்கள் முதன்மை கார்னர்பேக் வில் ஜான்சன் இல்லை, பாஸ் பிடிப்பதில் முதல் ஆளான கோல்ஸ்டன் லவ்லேண்டும் இல்லை.

ஆட்டம் முடிவானது இரண்டு அணி வரிசைகளும் மோதும் நடு இடத்தில்தான். எங்கள் டிஃபென்ஸ் (தடுக்கும் அணி) வரிசையின் மையத்தில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு பேர் நின்றார்கள். அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் ஒருவர் 5ஆவது ஆளாகவும் மற்றவர் 13ஆவது ஆளாகவும் போனார்கள் என்றால் தரம் புரியும். அந்த இடத்தில் வழி கிடைக்காது என்பது முதல் சில ஓட்டங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒஹாயோ அங்கேயே ஓடியது. கபடியில் பலமான மூலை இருக்கிற பக்கமே ரைடர் திரும்பத் திரும்பப் போய் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான் இருந்தது. டிரெவியான் ஹென்டர்சன், குவின்ஷான் ஜட்கின்ஸ் என்று எந்த அணியும் ஏங்கும், பந்தைச் சுமந்து ஓடும் இரண்டு ரன்னிங் பேக்குகள். அவர்களை வைத்துக்கொண்டு 26 ஓட்டங்களில் 77 யார்டு. சராசரி ஒரு ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட வரவில்லை.

அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆஃபென்ஸ் (தாக்கும் அணி) முன்வரிசையின் இடது டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே காயத்தில் வெளியே போய்விட்டார். சென்டர் சேத் மெக்லாஃப்லின் நவம்பரில் போனார். ஒட்டுப்போட்ட ஒரு லைனை கிரஹாம் முன்னால் நிறுத்த வேண்டிய நிலைமை அவர்களுக்கு. அது தெரிந்தும் நடுவிலேயே மோதியது அவர்களுடைய தேர்வு. அந்தத் தேர்வுக்கு அவர்களைத் தள்ளியது எங்கள் டிஃபென்ஸ். ஜெரமையா ஸ்மித் மாதிரி பாஸ் பிடிக்கும் ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு அவர் பக்கம் தைரியமாக எறிய முடியவில்லை என்றால் அதில் எங்கள் பையன்களின் வேலை இருக்கிறது. அவர்கள் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டின் இரண்டு பாஸ்களை நாங்கள் பிடித்தோம். முதலாவதை ஆமிர் ஹால் அவர்களுடைய கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்தார், அதிலிருந்துதான் கோல் கோட்டைத் தாண்டிய எங்கள் ஒரே டச் டவுன் வந்தது. இரண்டாவது மக்காரி பேஜ் பிடித்தது.

எங்கள் ஆஃபென்ஸ் அழகாக ஆடியது என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் எறிந்ததில் கிடைத்தது வெறும் 62 யார்டு, எதிரணி கைக்குப் போன இரண்டு இன்டர்செப்ஷன் வேறு. அதில் ஒன்று நான்காவது குவார்ட்டரில் கோல் கோட்டருகே. அந்த நிமிஷம் என் நெஞ்சு நின்றுபோனது. ஆனால் வாரன் யார் என்று தெரிந்தவர்கள் அவரைத் திட்ட மாட்டார்கள். பள்ளிக்கூட வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, அதிலிருந்து மீண்டு, உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் வந்த பையன். தவறு செய்த பிறகும் கடைசி டிரைவில் (பந்து எங்கள் கையில் இருந்த சுற்றில்) பதறாமல் நின்றாரே, அது எனக்குப் போதும்.

அந்தக் கடைசி டிரைவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். 10–10 சமநிலை. ஆறு நிமிடம் சொச்சம் பாக்கி. மூன்றாவது டவுன் (நாலு வாய்ப்பில் மூன்றாவது), ஆறு யார்டு வேண்டும். மைதானத்தில் எல்லோருக்கும் கேலல் மல்லிங்ஸ்தான் ஓடுவார் என்று தெரியும். ஓடினார், 27 யார்டு. டிஃபென்ஸில் லைன்பேக்கராக வந்து ரன்னிங் பேக்காக மாறியவர் அவர். எதிரில் வருபவனை இடிப்பதற்குத் தயங்காத உடம்பு. அன்று மொத்தம் 32 முறை பந்தைச் சுமந்து 116 யார்டு எடுத்தார். கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கரைத்துவிட்டு, 45 விநாடி மிச்சம் இருக்கும்போது டாமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளி எடுத்தார். முதல் பாதியில் 54 யார்டிலிருந்து உதைத்தவருக்கு அது பெரிய தூரமில்லை. அவர்களுடைய உதைப்பாளர் 40 யார்டுக்குள்ளிருந்து இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார். ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் உதைப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே? நாங்கள் நல்ல உதைப்பாளரைத் தேடிக் கொண்டுவந்தோம், அவர் தன் வேலையைச் செய்தார்.

இப்போது பட்டம். ஒஹாயோ அடுத்து டென்னஸியை 42–17, ஓரிகனை 41–21, டெக்ஸஸை 28–14, நோட்ர டேமை 34–23 என்று வீழ்த்தியது. ரோஸ் பவுலில் ஓரிகனுக்கு எதிராக ஸ்மித் மட்டும் 187 யார்டு, இரண்டு டச் டவுன். எங்களிடம் முட்டிக்கொண்ட நடுவை விட்டுவிட்டு விளிம்புக்கும் ஆழத்துக்கும் எறிய ஆரம்பித்தார்கள். எங்களிடம் தோற்காமல் இருந்திருந்தால் அந்த மாற்றம் வந்திருக்குமா என்பது என் சந்தேகம். அந்த வருஷத்தின் மிகச் சிறந்த அணியை அவர்கள் வீட்டிலேயே, கையில் பாஸ் ஆட்டமே இல்லாமல் தோற்கடித்தோம். அவர்கள் பட்டம் வாங்க வாங்க எங்கள் வெற்றியின் மதிப்பு எனக்குக் கூடிக்கொண்டேதான் போகிறது.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்டக்காரர்கள் மைதான நடுவில் கொடி நட முயன்றது எனக்குப் பிடிக்கவில்லை. கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே, இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். ஜெயித்தவர்கள் பாட்டைப் பாடிவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

கொலம்பஸ்மாணவன்:

அண்ணா, நான் அந்த ஸ்டேடியத்துக்குள்ளே இருந்தேன். ஒஹாயோ ஸ்டேட்டில் எம்.எஸ். படிக்கிறேன். வந்த புதிதில் எனக்கு ஃபுட்பால் ஒன்றுமே தெரியாது. ரூம்மேட்டுகள் உட்காரவைத்து நாலு டவுன், பத்து யார்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வாரம் கேம்பஸில் நடந்தால் பலகைகளில் இருக்கிற ‘எம்’ எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பால் எக்ஸ் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும்தான் இது மற்ற ஆட்டம் மாதிரி இல்லை என்று எனக்கு உறைத்தது.

நீங்கள் சொல்வது சரிதான், நடுவில் ஓடியதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் இரண்டாம் பாதி முழுக்க “எறி, எறி” என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். ஸ்வாடா உதைத்த பிறகு 45 விநாடியில் நாங்கள் எறிந்தது எதுவும் கைக்குச் சேரவில்லை. லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மூலையில் இருந்த மிச்சிகன் ரசிகர்களின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் எனக்கு அதிகம் வலித்தது எங்கள் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஜாக் சாயரை நினைத்துத்தான். மிச்சிகனை ஜெயித்தால் எங்கள் ஆட்டக்காரர்களுக்குக் குட்டியாக ஒரு தங்கக் கால்சட்டைப் பதக்கம் தருவார்கள், 1934லிருந்து வருகிற வழக்கம். 2021இல் சேர்ந்த சாயர், எமேகா எக்பூகா, டூயிமோலோவ், ஹென்டர்சன் ஆகிய யாருக்கும் நாலு வருஷத்தில் அது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கொடியைக் கொண்டுவந்தபோது சாயர் பாய்ந்து அதைப் பிடுங்கியதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது அண்ணா. அதே சாயர் டெக்ஸஸ் ஆட்டத்தில் பந்தைப் பறித்து 83 யார்டு ஓடி டச் டவுன் போட்டபோது நான் அழுதுவிட்டேன்.

பட்டம் கையில் இருக்கிறது. இருந்தாலும் இங்கே ஃபார்மசி வரிசையில், பஸ்ஸில், எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் அந்த 13–10க்குத்தான் வருகிறது. எங்கள் பயிற்சியாளர் ரயன் டே 2024 வரை மிச்சிகனிடம் ஒன்று ஜெயித்து நாலு தோற்றிருந்தார் என்பதை இந்த ஊர் மறக்காது.

நோவைஅம்மா:

தம்பிகளா, ரெண்டு பேரும் அழகா எழுதியிருக்கீங்க. எனக்கு 2021தான் முதல்ல ஞாபகம் வருது. என் பொண்ணு அப்போ ஆன் ஆர்பர்ல படிச்சிட்டிருந்தா. நவம்பர் 27, பனி கொட்டுது. நானும் அவ அப்பாவும் போனோம். எட்டு ஆட்டமா தொடர்ந்து ஒஹாயோகிட்ட தோத்துட்டு வந்திருக்காங்கன்னு அவ சொல்லிட்டே வந்தா, கடைசியா ஜெயிச்சது 2011ன்னு.

ஹசன் ஹாஸ்கின்ஸ்னு ஒரு பையன், அஞ்சு டச் டவுன் போட்டான். ஏய்டன் ஹட்சின்சன் அவங்க குவார்ட்டர்பேக்கை மூணு தடவை சாய்ச்சான். 42–27. முடிஞ்சதும் பசங்க எல்லாம் பனியில மைதானத்துக்குள்ள இறங்கிட்டாங்க. என் பொண்ணையும் எங்களால நிறுத்த முடியல, நிறுத்தவும் தோணல. எங்களுக்குப் பக்கத்து சீட்ல இருந்த வயசான வெள்ளைக்காரத் தாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. யாரு என்னன்னு தெரியாது. அவருக்கு எத்தனை வருஷத்துத் துக்கமோ.

2024 ஆட்டம் வீட்ல டிவியில. நன்றி சொல்ற வாரம், சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. பிரியாணி தம்ல இருக்கு, யாரும் அடுப்புப் பக்கம் போகல. எனக்கும் 2021 மாதிரி இது அழகான ஆட்டமா படல. ஆனா இதை ஜெயிக்கிறதுக்குத்தான் அதிகப் பொறுமை வேணும்னு தோணுச்சு.

டொலீடோகாரன்:

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1835இல் டொலீடோ யாருக்கு என்று ஒஹாயோவும், அப்போது இன்னும் மாநிலமாகாத மிச்சிகனும் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர் ஒஹாயோவுக்குப் போனது, மிச்சிகனுக்குப் பதிலாக வடக்கே அப்பர் பெனின்சுலா கிடைத்தது. இன்றைக்கும் எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் மிச்சிகனின் நீலம், பாதிப் பேர் ஒஹாயோ ஸ்டேட்டின் சிவப்பு. அந்தத் திங்கட்கிழமை சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் காபி மெஷின் பக்கம் என்னைப் பார்த்து, “உங்கள் டிஃபென்ஸ் நல்ல டிஃபென்ஸ்” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஆன்ஆர்பர்வாசி சார், ஒரு கேள்வி. கிரஹாம், கிராண்ட் இரண்டு பேரும் போய்விட்டார்களே, 2025 சீசனில் நடுவில் யார்?

ஆன்ஆர்பர்வாசி:

நோவை அக்கா சொன்ன அந்தத் தாத்தா மாதிரி ஆட்களை நானும் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். இந்த ஆட்டத்தின் கனம் அவர்களிடம்தான் இருக்கிறது.

டொலீடோ நண்பரே, நல்ல கேள்வி. எல்லோரும் பெல்வில் பையன், புதுக் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் வருவதைப் பற்றியே பேசுகிறார்கள், எறியும் கை அபாரம் என்கிறார்கள். என் கவலை நீங்கள் கேட்டதுதான். ஆனால் ஒன்று கவனித்தேன். 2024 டிசம்பர் 31 அன்று அலபாமாவோடு ஆடியபோது கிரஹாமும் கிராண்டும் இறங்கவில்லை. அப்படியும் 19–13 என்று ஜெயித்தார்கள். பழக்கிவிடப்பட்ட வரிசை அது, ஆள் மாறினாலும் வேலை தெரியும். நடுவில் நிற்கப்போகும் ரேஷான் பென்னி மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதே இருவர் நின்ற அளவுக்கு அடைக்க முடியுமா என்றால், முடியாது. அதனால் இந்த முறை 13 புள்ளி போதாது. ஆஃபென்ஸ் வளர்ந்தே ஆக வேண்டும்.

கொலம்பஸ் தம்பி, 2025 நவம்பரில் ஆட்டம் எங்கள் ஊரில். டிக்கெட் கிடைத்தால் சொல்லுங்கள், காலைச் சாப்பாடு என் வீட்டில்.

கொலம்பஸ்மாணவன்:

கட்டாயம் வருகிறேன் அண்ணா, சிவப்புச் சட்டையோடுதான். ஸ்மித் குறைந்தது 2026 சீசன் வரை எங்களிடம் இருக்கிறார். உங்கள் கார்னர்பேக்குகளைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படுங்கள்.